இரண்டு சண்டைக்கும் போய்ச் சேராத லாரி

உலக யுத்தத்தில் நான் மூன்று வருஷம் ராணுவ லாரி ஓட்டினேன். இதைச் சொன்னதும் கேட்கிறவர்கள் நாற்காலியைக் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "பர்மாவா, ஆப்பிரிக்காவா?" என்பார்கள். நான் ஓட்டியது சென்னைத் துறைமுகத்துக்கும் ஊருக்கு மேற்கே இருந்த ராணுவக் கிடங்குக்கும் இடையில். போகும்போது லாரி, திரும்பும்போது ரயில். மூன்று வருஷமும் அதே ரோடு. நடுவில் ஒரு ரயில்வே கேட் இருந்தது. அந்த யுத்தத்தில் என்னைத் தடுத்து நிறுத்திய எதிரி அது ஒன்றுதான்.

கனடாவிலிருந்து லாரிகள் மரப்பெட்டிகளில் வந்தன. எஞ்சின் ஒரு பெட்டியில், சக்கரங்கள் ஒரு பெட்டியில், முன்பக்கத் தகரம் இன்னொரு பெட்டியில். துறைமுகத்தை ஒட்டிப் பெரிய தகரக் கொட்டகைகள் போட்டு, அங்கே வைத்து எல்லாவற்றையும் பொருத்தினார்கள். கொட்டகையின் ஒரு வாசலில் பெட்டிகள் நுழையும். மறு வாசலில் லாரி உருண்டு வரும். நான் ரயிலைவிட்டு இறங்கி அந்த வாசலுக்கு வந்தால், எனக்கென்று ஒரு லாரி பெயின்ட் வாசனையோடு தயாராக நிற்கும். ஒருநாள்கூட நான் காத்திருந்ததில்லை. பெட்டிப் பலகைகளை அக்கம்பக்கத்தார் வாங்கிக்கொண்டு போய்க் கதவு, அலமாரி, கோழிக்கூண்டு எல்லாம் செய்துகொண்டார்கள். துறைமுகத்தைச் சுற்றியிருந்த குப்பங்களில் யுத்தத்தால் நேரடியாகப் பயன் பெற்றவை கோழிகள்தான்.

கிடங்கு என்பது ஒரு பெரிய பொட்டல். லாரிகளை வரிசை வரிசையாக, ஒன்றின் மூக்கு இன்னொன்றின் வாலைத் தொடுகிற மாதிரி நிறுத்துவோம். கப்பல்கள் வரும், எல்லா லாரிகளும் அதில் ஏறி மலேயாவுக்குப் போகும், அங்கே ஜப்பான்காரனைத் துரத்தும் என்று சொன்னார்கள். நானும் கூடவே போவேன் என்று இருந்தேன். கப்பல் வருவதற்குள் ஜப்பானில் குண்டு போட்டார்கள், யுத்தம் முடிந்தது. அதற்குப் பிறகும் சில நாள் கொட்டகையிலிருந்து லாரிகள் வந்துகொண்டே இருந்தன. நிறுத்து என்று யாரும் எழுத்தில் சொல்லவில்லை. நானும் ஓட்டிக்கொண்டே இருந்தேன்.

ஊர் திரும்பினேன். எனக்குக் கோடைக்கானலை ஒட்டிய செண்பகனூர். ராணுவத்தில் சேர்வதற்கு முன்னால் அங்கே ஒரு வெள்ளைக்காரச் சாமியாரின் காரை ஓட்டிப் பழகியவன். வந்த பிறகு கோடைக்கானல் பஜாரில் கிடைத்த வண்டியை ஓட்டினேன், கல்யாணம் செய்துகொண்டேன். பெண்ணுக்கு ஊர் வெள்ளகவி. கோடைக்கானலுக்குக் கீழே, ஒற்றையடிப் பாதையில் இறங்கிப் போகவேண்டிய ஊர். லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டவளின் ஊருக்குச் சைக்கிள்கூடப் போகாது. பெண் பார்க்கப் போனபோது என் மாமனார், "மாப்பிள்ளைக்கு என்ன சோலி?" என்று கேட்டார். லாரி ஓட்டுகிறேன் என்றேன். அவர் என் கால்களைப் பார்த்துவிட்டு, "நடக்கவும் செய்வீகள்ல?" என்றார்.

பஜாரில் பூண்டு, உருளைக்கிழங்கு மொத்த வியாபாரம் செய்த ஒரு ராவுத்தர் இருந்தார். ஊரே அவரைப் பாய் என்றது. நான் முதலாளி என்பேன். மெல்லிய உடம்பு, மெல்லிய குரல், எந்தக் குளிரிலும் காலையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் குளிக்கிற பிடிவாதம். கோடைக்கானலுக்கு மேற்கே பூம்பாறையைத் தாண்டினால் அன்றைக்கு ரோடு கிடையாது. மன்னவனூர் வழியாகப் பூண்டி வரைக்கும் கல்லும் சேறுமாக ஒரு பாதை. பூண்டியில் விளைந்ததெல்லாம் குதிரை முதுகிலும் ஆள் தலையிலும் வரவேண்டும். மழை பிடித்துக்கொண்டால் வராது. பூண்டு அங்கேயே முளைத்துவிடும்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் அவர் என்னைக் கடைக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, நீ மிலிட்டரில வண்டி ஓட்டுனவன். பூண்டிப் பாதையில ஏறுற மாதிரி லாரி ஒலகத்துல எங்கயாச்சும் இருக்கா?"

"இருக்குங்க மொதலாளி."

"எங்க?"

"மெட்ராசுப் பக்கம் வரிசையா நிக்கிது. நான்தான் நிறுத்திட்டு வந்தேன்."

இரண்டு பேரும் ரயிலேறிப் போனோம். கிடங்கில் பழைய லாரிகளை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். பழையவை என்று பெயர்தான். என் வரிசைகள் அப்படியே இருந்தன. சக்கரங்களுக்கு நடுவே ஆள் உயரத்துக்குப் புல். ஒரு எஞ்சின் மூடியின் மேல் ஆடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. சப்பை மூக்கும் நாலு சக்கரமும் இழுக்கிற எஞ்சினும் கொண்ட ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். மீட்டரைத் துடைத்துப் பார்த்தால், துறைமுகத்திலிருந்து கிடங்குக்கு எத்தனை மைலோ அத்தனை மைல்தான் அதில் இருந்தது. அந்த வண்டி பிறந்ததிலிருந்து ஒரே ஒரு தடவை ஓடியிருக்கிறது. ஓட்டியவன் நானாகக்கூட இருக்கலாம். கூடவே கொடுத்த காகிதத்தில், இந்த வாகனம் ராணுவச் சேவைக்கு லாயக்கற்றது என்று முத்திரை குத்தியிருந்தது.

முதலாளி காகிதத்தை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். "ஓட்டிப் பாக்காமயே லாயக்கில்லேன்னு எப்படிச் சொன்னாங்க?"

"என்னையும் அப்படித்தாங்க அனுப்புனாங்க," என்றேன்.

அந்த லாரி பூண்டிக்குப் போனது. பத்து வருஷம் போனது. சங்கிலி கட்டிய சக்கரத்தோடு ஓடையில் இறங்கும், மறுகரையில் மண்ணைப் பிறாண்டிக்கொண்டு ஏறும். எங்கோ கனடாவில் யாரோ வரைந்து, யாரோ திருகாணி முடுக்கி, ஜப்பான்காரனைத் துரத்துவதற்காகக் கடல் கடந்து வந்த அந்த எஞ்சின், மன்னவனூர் மேட்டில் பூண்டு மூட்டைகளைச் சுமந்துகொண்டு முனகும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கும். ரேடியேட்டர் போனது, ஒரு பஸ்ஸிலிருந்து கழற்றியதைப் பொருத்தினோம். பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளைத் திண்டுக்கல் கொல்லர் அடித்துக் கொடுத்தார். பலகையெல்லாம் உள்ளூர் மரமாகிவிட்டது. கடைசியில் மூக்கும் எஞ்சினும் அடிச்சட்டமும் மட்டும்தான் கனடா.

பிறகு சீனாச் சண்டை வந்தது.

கோடைக்கானல் அதுவரை எந்தச் சண்டையையும் இத்தனை நெருக்கமாக எடுத்துக்கொண்டதில்லை. காரணம் குளிர். பனியில் நம் சிப்பாய்கள் நடுங்குகிறார்கள் என்று ரேடியோவில் சொன்னதும், அதைப்பற்றிப் பேச மற்ற ஊர்க்காரர்களைவிடத் தங்களுக்கு உரிமை அதிகம் என்று ஊரில் எல்லோரும் நினைத்தார்கள். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் ஸ்வெட்டர் பின்னினார்கள். மிஷன் பங்களா அம்மாமார் கம்பளிக் காலுறை பின்னினார்கள். பஜாரில் டீக்கடை வைத்திருந்தவர், அந்தக் குளிருக்குச் சுக்கு மல்லிக் காப்பிதான் சரி என்று டில்லிக்குக் கார்டு போட்டார்.

ஒருநாள் வெள்ளனே தாலுகா ஆபீஸிலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் கடைவாசலில் வந்து இறங்கினார். கையில் லிஸ்ட். மலைப்பாதையில் ஏறக்கூடிய லாரிகளை நாட்டுக்காக எடுத்துக்கொள்ள உத்தரவு வந்திருப்பதாகச் சொன்னார்.

"ஒங்க வண்டி போர் வீல்தான பாய்?"

"ஆமாங்க, நாலு சக்கரமும் இழுக்கும்."

"அப்ப ராணுவத்துக்கு வேணும்."

முதலாளி லாரியைப் பார்த்தார். "அது ராணுவத்துல இருந்து வந்ததுதாங்க. லாயக்கில்லேன்னு எழுதிக் குடுத்துருக்காங்க. காகிதம் உள்ள இருக்கு."

"அது வெள்ளைக்காரன் ராணுவம்," என்றார் அதிகாரி. "இது நம்ம ராணுவம்."

முதலாளி சம்மதித்தார். முகம் சுளிக்காமல்தான் சம்மதித்தார். ஆனால் அந்த வருஷப் பூண்டு பூண்டியில் வயலோரம் குவிந்துகிடந்தது. அதை அவர் சொல்லவில்லை. சொன்னால் சீனாக்காரனுக்குச் சாதகமாகப் பேசியது போல் ஆகும்.

வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன். நானே ஓட்டிக்கொண்டு போய் ஒப்படைக்க வேண்டும் என்றேன். சொல்லாமல் விட்டது ஒன்று. அதிகாரியிடம் தனியாகப் பேசி, 'இவர் முன்னாள் ராணுவ டிரைவர், மலையில் அனுபவம் உள்ளவர், வண்டியோடு இவரையும் பயன்படுத்திக்கொள்ளலாம்' என்று ஒரு கடிதம் வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தேன். மூன்று வருஷம் யுத்தத்தில் இருந்தும் யுத்தத்தைப் பார்க்காதவன் என்கிற வெட்கம் உள்ளே கிடந்தது. இமயமலைப் பாதையில் என் சப்பை மூக்கு லாரியை ஏற்றிக்கொண்டு போவது போல் பகலிலேயே கனவு வந்தது.

சட்டையைத் துவைக்க எடுத்தபோது கடிதம் அவள் கையில் அகப்பட்டது. அவளுக்குப் படிக்கத் தெரியும். வெள்ளகவியில் அது ஒரு விசேஷம்.

"போர் வீலுன்னா போருக்குப் போற வீலுன்னு நெனச்சுட்டீங்களாக்கும்," என்றாள்.

"கேட்டாப் போறது. கேக்கலேன்னா வந்துருவேன்."

"நீங்கதான கேக்கச் சொல்லி எழுதி வாங்கிருக்கீங்க."

இரண்டு நாள் அடுப்படியில் பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாகக் கீழே வைக்கப்பட்டன. கிளம்புகிற அன்றைக்குப் புளியோதரை கட்டி, தன்னுடைய கம்பளியையும் மடித்துச் சீட்டுக்கு அடியில் வைத்திருந்தாள். எனக்கென்று வேறு கம்பளி இருந்தது. அது மெல்லிசு என்று அவளுக்குத் தெரியும்.

வழியனுப்பு விழாவை ஊர் பெரிதாகச் செய்தது. லாரிக்குச் சாமந்தி மாலை, மூக்கில் குங்குமம், பள்ளிக்கூடத்து பேண்டு. அதிகாரி பேசினார். கோடைக்கானல் தன் மகனை எல்லைக்கு அனுப்புகிறது என்றார். நான் தலை குனிந்து நின்றேன். அவர் லாரியைச் சொல்கிறார் என்று பிறகுதான் புரிந்தது. போட்டோ எடுத்தார்கள். பூண்டியிலிருந்து விவசாயிகள் நாலு பேர் ஒரு மூட்டைப் பூண்டைச் சுமந்துகொண்டு வந்திருந்தார்கள். மலைக்குளிருக்குப் பூண்டு சூடு, சிப்பாய்களுக்குக் கொடுங்கள் என்று பின்னால் ஏற்றினார்கள். அவர்களுக்கு லாரி போவதில் எத்தனை நஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஒருவர் மட்டும் என் காதருகில் வந்து, "வெரசா முடிச்சுட்டு வந்துருங்கண்ணே, மழை வந்துரும்," என்றார். சண்டையைத்தான் சொன்னார்.

மலையிறங்கி வத்தலக்குண்டு, திண்டுக்கல், திருச்சி. பழைய எஞ்சின், சமவெளிச் சூட்டில் அடிக்கடி கொதித்தது. சாமந்தி வாடித் தொங்கியது. கழற்ற மனம் வரவில்லை. ஊர் ஊராக ஜனங்கள் மாலையைப் பார்த்துவிட்டுக் கையசைத்தார்கள். மூன்றாம் நாள் விழுப்புரத்தில் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். கடைக்காரர் மாலையைப் பார்த்து, கல்யாண வண்டியா என்று கேட்டார். சண்டைக்கு என்றேன்.

"சண்டை நின்னுபோச்சே. ரேடியோவுல சொன்னானே."

டீயைக் குடித்து முடித்தேன். திரும்பிப் போகலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் கையில் இருந்த உத்தரவில் கிடங்கில் ஒப்படைக்க என்று இருந்தது. சண்டை நடந்தால் ஒப்படைக்க என்று இல்லை. வண்டியைக் கிளப்பினேன்.

கிடங்கு வாசலில் காகிதத்தைக் காட்டியதும் உள்ளே விட்டார்கள். சிப்பாய் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்ன இடம் என் பழைய பொட்டல்தான். புல்லைச் செதுக்கிச் சுத்தமாக வைத்திருந்தார்கள். தமிழ்நாடு முழுவதிலிருந்தும் வந்த லாரிகள் அங்கே மாலையோடு நின்றன. மூக்கு வாலைத் தொடுகிற மாதிரி நானும் நிறுத்தினேன். அது கைக்குப் பழகிய வேலை.

ஆபீஸில் ஒரு ஹவில்தார் இருந்தார், வேலூர்ப் பக்கத்துக்காரர். பெரிய பதிவுப் புத்தகங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். அடிச்சட்ட எண்ணைக் குறித்துக்கொண்டு உள்ளே போனவர், தூசி படிந்த இன்னொரு புத்தகத்தோடு வந்தார்.

"இன்னாபா, இது நம்ம வண்டி."

"ஆமாங்க."

"இது கண்டம் ஆயிட்ச்சே. ராணுவத்துக்கு லாயக்கில்லன்னு அடிச்சி வித்துட்டாங்க. பத்து வருசம் ஆவுது."

"ஆமாங்க. காகிதம் எங்கிட்ட இருக்கு."

"கண்டமான வண்டிய திரும்ப வரவு வைக்க முடியாதுபா. ரூல் இல்ல."

"அப்ப எடுத்துக்கிட்டுப் போயிடட்டுங்களா?"

அவர் தாலுகா அதிகாரியின் உத்தரவைத் திருப்பித் திருப்பிப் படித்தார். "அதான் முடியாது. இதுல ராணுவம் எடுத்துக்கினதா கீது. ராணுவ வண்டிய நீ எப்டி எடுத்துக்கினு போவே?"

என்னைக் கேப்டனிடம் கூட்டிப்போனார். வடக்கத்திக்காரர், சின்ன வயசு, மரியாதையானவர். இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றின்படி வண்டி ராணுவத்தில் இருக்கவே முடியாது. இன்னொன்றின்படி ராணுவத்தைவிட்டுப் போகவே முடியாது. நான் என் சட்டைப்பைக் கடிதத்தையும் எடுத்து நீட்டினேன். ஹவில்தார் படித்துச் சொன்னதும் அவர் என் தலைநரையைப் பார்த்தார். ஹவில்தாரிடம் இந்தியில் ஏதோ சொன்னார்.

"இன்னா சொல்றாருன்னா," என்றார் ஹவில்தார், "வண்டியவிட உன் கேஸ் ஈசியாம். உனக்கு வயசு ஆயிட்ச்சு."

மேலிடத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறோம், பதில் வரும்வரை இரு என்றார்கள். லாரியிலேயே தங்கினேன். பகலில் வேலை எதுவும் இல்லாததால் வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் போய் உட்காருவேன்.

அங்கேதான் அந்தப் பையனைப் பார்த்தேன். பையன் என்றால் சிப்பாய். இருபத்திரண்டு வயசு இருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்குப் போகிற வழி. இரண்டு கைகளிலும் மணிக்கட்டு வரை கட்டு. பனியில் விரல்கள் போய்விட்டன என்றான். எத்தனை விரல் என்று நான் கேட்கவில்லை. டீ கிளாஸை இரண்டு கட்டுகளுக்கும் நடுவே இடுக்கித் தூக்கப் பார்த்தான், வழுக்கியது. நான் எடுத்துப் பிடித்துக்கொண்டேன். வெட்கப்படாமல் குடித்தான்.

"எந்த ஊருண்ணே?"

"கோடைக்கானல்."

"குளிருமே அங்க," என்று சிரித்தான். அவனுக்குப் பரமக்குடிப் பக்கம். பட்டாளத்தில் சேரும்வரை அவன் ஸ்வெட்டரையே தொட்டதில்லை.

எதிரே நிற்கிற லாரிகளைப் பார்த்து, இதெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டான். உங்களுக்குத்தான் என்றேன்.

"லாரி எங்களுக்கு இருந்துச்சுண்ணே. நெறையா. அடிவாரத்துல வரிசையா நின்னுச்சு. அதுக்கு மேல ரோடுதான் இல்ல. நடந்துதான் போனோம். சாமானெல்லாம் முதுகுல."

"பாதை எப்படி? நம்ம மலையில சேத்துலகூட ஏத்துவேன் நான்."

"ஒரு ஆளு அகலம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒண்ணுமில்ல."

நான் வெள்ளகவிப் பாதையை நினைத்தேன். என் லாரியின் அகலத்தையும் நினைத்தேன். "அப்ப ஏறாது," என்றேன்.

"ஏறாதுண்ணே," என்றான் அவனும், என்னைச் சமாதானப்படுத்துவது போல.

ரயிலுக்கு நேரமானது. எழுந்தபோது அவன் தோளில் போர்த்தியிருந்த ராணுவக் கம்பளி நழுவியது. அவனால் அதை இழுத்துவிட முடியவில்லை. இழுத்துவிட்டேன். ஸ்டேஷன் வரை அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். ரயில் போன பிறகு கிடங்குக்குத் திரும்பி, லாரியின் மூக்கிலிருந்த காய்ந்த மாலையைக் கழற்றி வேலியோரம் போட்டேன். சட்டைப் பையில் இருந்த கடிதத்தையும் கிழித்தேன். சண்டைக்குப் போகவில்லையே என்ற ஏக்கம் அதற்குப் பிறகு எனக்கு வந்ததில்லை. அந்த ஏக்கம் இருந்த காலத்தை நினைத்தால்தான் கூச்சமாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் ஹவில்தார் உற்சாகமாக வந்தார். அவர்களுடைய சமையற்கட்டு ஆள் என் லாரியில் பூண்டு மூட்டையைப் பார்த்துவிட்டாராம்.

"யாருக்குபா அந்தப் பூண்டு?"

"சிப்பாய்ங்களுக்குன்னு எங்க விவசாயிங்க குடுத்தது."

"நன்கொடையா?"

"ஆமாங்க."

அவர் ஓடிப்போய்க் கேப்டனிடம் பேசினார். விஷயம் இப்படி முடிந்தது: நன்கொடைப் பொருளை வரவு வைக்க ரூல் உண்டு. பொருள் கொண்டுவந்த தனியார் வண்டி, பொருளை இறக்கியதும் வாசலைவிட்டுப் போக அனுமதிச் சீட்டு கொடுக்கவும் ரூல் உண்டு. பூண்டு ஒரு மூட்டை வரவு என்று எழுதினார்கள். கொண்டுவந்த லாரி வெளியேறலாம் என்று எழுதினார்கள். தாலுகா உத்தரவை என்ன செய்வது என்று கேட்டேன். ஹவில்தார் அதை வாங்கி, பழைய புத்தகத்தின் நடுவே வைத்து மூடினார்.

"மேல இருந்து பதில் வந்தா பாத்துக்கலாம். நீ கெளம்பு."

கேப்டன் கை கொடுத்தார். பூண்டு நன்றாக இருக்கிறது என்றார்.

இப்படியாக, கடல் கடந்து வந்ததிலிருந்து அந்த லாரி இரண்டு யுத்தங்களுக்கும் சேர்த்துச் செய்த உதவி ஒரு மூட்டைப் பூண்டு. அதுவும் சாம்பாரில் போயிருக்கும்.

திரும்பி வருவது சுலபமாக இல்லை. மலையில் ஏற ஏற வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன். பேண்டு வாசித்து அனுப்பிய ஊருக்குள் ஒரு மாதம்கூட ஆகாமல் எப்படி நுழைவது? செண்பகனூரில் வீட்டு வாசலில் நிறுத்தினேன். என் மனைவி வெளியே வந்து பார்த்தாள். லாரியை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"ஜெயிச்சாச்சா?" என்றாள்.

"இல்ல."

"சாப்பிட்டாச்சா?"

"இல்ல."

"அதாவது பண்ணலாம், வாங்க," என்று உள்ளே போனாள். சாதம் போட்டாள். அந்தச் சிப்பாயைப் பற்றிச் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முழுவதும் கேட்டாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் புள்ள எப்படிச் சாப்பிடும்?" என்றாள்.

மறுநாள் முதலாளியோடு தாலுகா ஆபீஸுக்குப் போனோம். சுவரில் எங்கள் போட்டோ ஏற்கனவே கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. லாரி திரும்பிவிட்டது என்று சொன்னதும் அதிகாரி எழுந்து கதவைச் சாத்தினார்.

"திரும்பிருக்க முடியாது பாய். நான் மேல ரிப்போர்ட் அனுப்பிட்டேன். பாராட்டுக் கடிதம்கூட வந்துருக்கு." கடிதத்தை எடுத்து முதலாளி கையில் கொடுத்தார். தங்கள் வாகனம் எல்லையில் ஆற்றிவரும் சேவையை நாடு மறவாது என்று இருந்தது.

"வண்டி வாசல்ல நிக்கிதுங்க," என்றார் முதலாளி.

அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. "பெர்மிட்டை ரத்து பண்ணியாச்சு. அது எல்லையில இருக்கு. எல்லையில இருக்கற வண்டிக்கு இங்க எப்படிப் பெர்மிட் குடுப்பேன்? கொஞ்ச நாள் கண்ணுல படாம வச்சுக்கங்க."

கெட்ட மனிதர் இல்லை. பயந்தவர். முதலாளி கடிதத்தை மடித்துக்கொண்டு எழுந்தார். வெளியே வந்து, "தம்பி, பூம்பாறைக்கு அங்கிட்டு எந்த அதிகாரி வந்திருக்கான்?" என்றார்.

அதன்படியே செய்தோம். லாரி பூம்பாறைக்கு இந்தப் பக்கம் வருவதை நிறுத்தியது. பூண்டியில் ஏற்றிப் பூம்பாறையில் இறக்குவேன். அங்கிருந்து வேறு வண்டி. பூண்டிக்காரர்களுக்குக் காகிதம் பற்றிக் கவலை இல்லை. முளைப்பதற்குள் பூண்டு போய்ச் சேர்ந்தது. சண்டையை வெரசாக முடித்துக் கொடுத்ததற்கு அந்த விவசாயி எனக்கு நன்றி சொன்னார், மறுக்கவில்லை.

மூன்று வருஷம் கழித்து மறுபடியும் சண்டை, இந்தத் தடவை பாகிஸ்தானோடு. புது அதிகாரி, புது லிஸ்ட். கடைக்கு வந்தவர், "ஒங்களைத் தொந்தரவு பண்ணப் போறதில்ல பாய். ஒங்க லாரி ஏற்கனவே சேவையில இருக்கு. ஊருக்கே முன்னுதாரணம் நீங்க," என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார். முதலாளி அவரை ஜீப் வரை வழியனுப்பிவிட்டு வந்து, கல்லாப் பலகையில் உட்கார்ந்தார். பிறகு, "பொய் சொன்னது யாரு தம்பி, நாமளா அவங்களா?" என்றார். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

அடுத்த மழைக்காலத்தில், மன்னவனூருக்குக் கீழே ஓடையோரம் லாரியை நிறுத்திவிட்டு, தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று பார்க்க இறங்கினேன். நாலு எட்டுகூட வைத்திருக்க மாட்டேன். பின்னால் கரை சத்தமில்லாமல் சரிந்தது. லாரி பக்கவாட்டில் மெதுவாகச் சாய்ந்து, உருண்டு, பள்ளத்தில் போய் மல்லாந்து விழுந்தது. சக்கரங்கள் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருந்தன. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. நனைந்துகொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பூண்டிக்காரர்கள் வந்து என்னைக் கையைப் பிடித்து எழுப்பினார்கள்.

விபத்து என்றால் போலீஸில் சொல்லவேண்டும் என்று போய்ச் சொன்னேன். ஏட்டு நோட்டைத் திறந்து வண்டி எண்ணைக் கேட்டார். சொன்னேன். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஏலே, இது மிலிட்டரில இருக்கற வண்டி. மன்னவனூர் ஓடையில எப்படி விழும்?"

"விழுந்து கெடக்குங்க. வந்து பாருங்க."

மழையைப் பார்த்தார். பதினைந்து மைலுக்கு மேல் சேறு. நோட்டை மூடினார். "ஒனக்கு அடி ஒண்ணுமில்லேல? போய்ப் பொழப்பப் பாரு."

பூண்டிக்காரர்கள் லாரியைப் பள்ளத்தில் வைத்தே பிரித்தார்கள். பலகை கூரையானது, ஸ்பிரிங் பட்டை ஏர்க்கொழுவானது, டயர் செருப்பானது. அடிச்சட்டத்தை மட்டும் அசைக்க முடியவில்லை. முதலாளி ஒரு தடவை அவ்வளவு தூரம் வந்து மேலே நின்று பார்த்தார். இறங்கவில்லை. அந்த மாதமே ஒரு சாதாரண டீசல் லாரி வாங்கினார்; அது ரோடு இருக்கிற இடத்துக்கு மட்டும் போகும். நான்தான் ஓட்டினேன். முதல் நாள் சாவியைக் கொடுத்தபோது அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "தம்பி, யாரு கேட்டாலும் இது ரெண்டு சக்கரம்தான் இழுக்கும்னு மொதல்லயே சொல்லிரு."